ஆய்வு யாருக்குச் சொந்தம்?

உழைப்பாளி மக்களின் வீட்டுக் கூரைகளாக இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளில் சிமெண்டுடன் கலந்திருப்பது கல்நார் இழை. தற்போது வணிகத்தில் உள்ள வெள்ளைக் கல்நார் உட்பட அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்குத் தடை விதித்துவிட்டன. இந்தியாவிலோ இறக்குமதி தங்குதடையின்றித் தொடர்கிறது.

அபாயகரமான இரசாயனங்களின் வணிகம் பற்றிய ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டால் தடை எதுவும் வராது. வாங்கும் நாட்டிற்கு அபாயத்தைத் தெரிவித்து, ஒப்புதல் பெற வேண்டும், அவ்வளவே. 2008இல் ரோம் மாநாட்டில் இந்தியா இதையும் எதிர்த்தது. அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இன்னும் முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆய்வுக்கான செலவில் ஒரு பகுதியைக் கொடுத்ததோ கல்நார்த் தொழில்துறை! குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணைக்குப் படி அளக்கும் விந்தை இது.

இது புதிய தந்திரமல்ல. 1936இல் அமெரிக்கக் கல்நார் நிறுவனங்கள் சாரனாக் ஆய்வகத்திற்கு நிதி வழங்கின. முடிவுகள் தங்களுடைய உடைமை, தங்கள் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. இழையைச் சுவாசித்த 11 சுண்டெலிகளில் 9க்கு நுரையீரல் கட்டி ஏற்பட்டதை 1943இல் ஆய்வாளர் கார்ட்னர் தெரிவித்தார். அவர் மறைந்தபின், 1951இல் வெளியான அறிக்கையில் அந்தக் கட்டிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கல்நார் நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி ஆலையை விட்டே போயிருப்பார். இதை உணர்ந்துதான் உச்சநீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று அளித்த தீர்ப்பில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவேட்டைப் பாதுகாக்கவும் ஆணையிட்டது. பதிவேடு இல்லையெனில் நோயாளி இல்லை; நோயாளி இல்லையெனில் இழப்பீடும் இல்லை. முதலாளிகளின் கணக்கு இவ்வளவு எளிது.

தொழில்சார் நோய் குறித்த ஆய்வுகள் முழுவதும் பொது நிதியில் நடக்க வேண்டும். தரவுகள் தொழிற்சங்கங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவரின் மருத்துவப் பதிவேட்டின் நகலும் அவரவர் கையில் தரப்பட வேண்டும். கல்நாரை முற்றாகத் தடை செய்து, ஆலைத் தொழிலாளர்களுக்கு மாற்று வேலையை ஒன்றிய அரசு உறுதி செய்ய வேண்டும். நோய் தொழிலாளியின் நுரையீரலில். அதற்கான சான்று மட்டும் முதலாளியின் பெட்டகத்திலா?