மடியில் மடக்கு கத்தி... கேஸ் ஆகுமா?

மன்னார்குடி பக்கம் வயல் வேலைக்கு போகும் பெரியவர்கள் பலரது மடியில் மடக்கு கத்தி இருக்கும். நெல் மூட்டை சணலை அறுக்க, பாக்கு சீவ எல்லாத்துக்கும் அதுதான். பழைய கத்திகளை ஆசையாக சேர்த்து வைப்பவர்களும் உண்டு. பஸ் நிலையத்தில் போலீசார் சோதனை போட்டால் மட்டும் 'கேஸ் போட்டுடுவாங்களோ' என்ற பயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு வேலைக்கோ, விவசாயத்துக்கோ என்றே செய்த கருவி, 1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி ஆயுதம் ஆகாது. 2016-ம் ஆண்டு விதிகளின் பட்டியலில் வருவது, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகள். மடக்கு கத்தியின் அலகு விரல் நீளம்தான்.

ஆனால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். டெல்லியில் 1980-ல் வந்த உத்தரவு, பட்டனை தட்டினால் விரியும் கத்திக்கு 7.62 சென்டிமீட்டரிலேயே கடிவாளம் போட்டது.

சின்ன கத்திதானே என்று ஆத்திரத்தில் வீசினால் கதையே வேறு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 118-வது பிரிவுப்படி, சிறு காயத்துக்கே 3 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கலாம்.

வயலுக்கு போனால் கத்தி கூட வரட்டும். ராஜகோபாலசாமி கோவில் பங்குனி திருவிழா கூட்டத்துக்கும், டாஸ்மாக் கடைக்கும் போகும்போது அது வீட்டிலேயே இருப்பதுதான் நல்லது.