பார்வை மான்

பொங்கல் லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. மரக்காணம் உப்பளத்தைப் பார்க்க வேண்டும் என்றான். போகிற வழியில், ஆரோவில் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினேன். உள்ளே எங்கோ கௌதாரி கத்திக்கொண்டிருந்தது.

"மாமா, இப்ப பாருங்க" என்று போனை எடுத்தான். பறவைகளுக்கான ஆப். அதில் கௌதாரியின் குரலைத் தேடிப் பிடித்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தான்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. புதரை விலக்கிக்கொண்டு ஒரு கௌதாரி செம்மண் பாதைக்கே ஓடி வந்துவிட்டது. ஆளைக் கண்டாலே ஓடி ஒளிகிற பறவை, கழுத்தை நீட்டி அங்கும் இங்கும் எதையோ தேடியது. கத்தியது. போன் பதிலுக்குக் கத்தியது. அது மறுபடியும் கத்தியது. பையன் வீடியோ எடுத்தான். உண்மையைச் சொன்னால், எனக்கும் சந்தோஷம்தான். பத்து நிமிடம் இப்படியே போனது.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கிட்டே வந்தார்.

"நாங்க சின்னப் புள்ளைல கூண்டுக் கௌதாரி வெச்சிதான் புடிப்போம் தம்பி. கூண்டைப் புதர்ல வெச்சிட்டு, சுத்தி கண்ணி நட்டுடுவோம். உள்ள இருக்கிறது கத்தும். 'எவன்டா அவன் என் எடத்துல?'ன்னு வெளிய இருக்கிறது சண்டைக்கு ஓடியாரும். காலு மாட்டிக்கும். இப்ப கூண்டே வேணாம் போலக்கீது, போன் போதும்!"

அவர் சிரித்தார். பையன் போனை அணைத்துவிட்டான்.

அந்தக் கூண்டுக் கௌதாரிக்குப் பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு: 'பார்வை'. ஒரு விலங்கைக் காட்டி இன்னொரு விலங்கைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் பிராணி. மானாக இருந்தால் பார்வை மான்.

பெரும்பாணாற்றுப்படையில் அந்த மான் வருகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பாட்டு அது. உப்பு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகளைச் சொல்லும் அதே பாட்டு, வேட்டையாடி வாழும் எயினரின் குடிசைகளையும் காட்டுகிறது. வீட்டு முன்னால் ஒரு விளாமரம். அதில் பார்வை மானைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டிக் கட்டி மரத்தின் அடிப்பகுதியே தேய்ந்துபோயிருக்கிறது. அந்தத் தேய்ந்த மரத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அங்கே எத்தனை மான்கள், எத்தனை நாள் கட்டிக் கிடந்தனவோ!

வடக்கே முகலாயர்கள் இதையே அரச விளையாட்டாக்கினார்கள். பழக்கிய ஆண் மானின் கொம்பில் வலையைக் கட்டி, காட்டு மான்கள் இருக்கும் இடத்தில் விடுவார்கள். காட்டு ஆண் மான் சண்டைக்கு வந்து கொம்பைக் கோக்கும். வலையில் சிக்கிக்கொள்ளும். அக்பர் காலத்து அயினி அக்பரியில் இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. அவர் மகன் ஜஹாங்கீரிடம் மன்ஸ்ராஜ் என்றொரு மான் இருந்தது. காட்டு மான்களைப் பிடித்துத் தருவதில் அதற்கு இணையில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அது செத்தபோது நினைவுச்சின்னம் கட்டினார். இன்றைய பாகிஸ்தானில், லாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஷேக்புராவின் ஹிரன் மினார் அதுதான். அந்தச் சமவெளியில் இனி யாரும் மான் வேட்டையாடக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். ஒரு பார்வை மானின் சாவு மற்ற மான்களுக்கு உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்தது.

அமெரிக்காவில் இன்றைக்கும், அனுமதி பெற்று வில்லால் மான் வேட்டையாடுகிறவர்கள் பிளாஸ்டிக் மானை நட்டு வைக்கிறார்கள். துப்பாக்கி போல அம்பு தூரம் போகாது. மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அதுவும் வேட்டைக்காரனைப் பார்க்காமல் வர வேண்டும். அதன் கவனம் பொம்மை மேலேயே இருந்தால் வில்லை வளைக்க நேரம் கிடைக்கும்.

கொம்புள்ள பொம்மை என்றால் அதன் முகம் வேட்டைக்காரன் பக்கம் இருக்க வேண்டும். ஏனென்றால் போட்டிக்கு வரும் ஆண் மான் நேருக்கு நேர் நிற்கத்தான் சுற்றி வரும். பெண் மான் பொம்மை என்றால் தலைகீழ். ஆண் மான் பின்பக்கமாக வரும். மனித வாடை ஒட்டக் கூடாது என்று கையுறை போட்டுத்தான் பொம்மையைத் தொடுவார்கள். இதெல்லாம் இணை சேரும் பருவத்தில்தான் நன்றாகப் பலிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே வனக்காவலர்களும் தலையாட்டும் இயந்திர மானைச் சாலையோரம் நிறுத்துகிறார்கள். திருட்டு வேட்டைக்காரர் வண்டியை நிறுத்திச் சுட்டால் அங்கேயே கைது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மானும் கௌதாரியும் வேட்டைக்கு இல்லை. கொன்றால்தான் வேட்டை என்பதும் இல்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, ஆசை காட்டி இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். ஆரோவில்லுக்கு வடக்கே கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் உவர்நீர்ப் பரப்பு. அங்கே போகிற நம் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

நாம் கண்ணி வைக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் அந்தக் கௌதாரிக்கு வித்தியாசம் தெரியுமா? அது தீனிக்கு ஆசைப்பட்டு வரவில்லை. தன் இடத்தையும் துணையையும் குஞ்சுகளையும் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்து ஓடி வந்தது. பத்து நிமிடம் அது வெட்டவெளியில், மேலே வல்லூறு சுற்றக்கூடிய இடத்தில், இல்லாத எதிரியைத் தேடியது. நமக்கு ஒரு வீடியோ. அதற்கு மேயும் நேரம் போனது, தெம்பு போனது. கூடு இருந்திருந்தால் அதுவரை கேட்பாரில்லை.

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. குரலைக் கேட்டு 'இது என்ன பறவை?' என்று தெரிந்துகொள்வது நல்ல பழக்கம். அதை வீட்டில் கேளுங்கள். காட்டில் என்றால் இயர்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடாதீர்கள். கூடு கட்டும் காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

உப்பளம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் அதே வழியில் திரும்பினோம். பையனே நிறுத்தச் சொன்னான். போன் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கௌதாரி வரவில்லை. தோப்புக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது.

"இது நிஜம் மாமா" என்றான்.