மனத்திடம் யாருக்குப் போதாது?

ஆசிரியருக்கு,

மாகாண விளையாட்டுப் போட்டியில் மாத்தளைத் தமிழ்ப் பாடசாலைகள் பின்தங்கியதற்கு "பிள்ளைகளுக்கு மனத்திடம் போதாது" என்பதே காரணம் என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் பொறுப்பானவர் ஒருவர் சொன்னார். பரிகாரமாகக் கொழும்பிலிருந்து பேச்சாளர் ஒருவரை அழைத்து ஊக்கமூட்டப் போகிறார்களாம். தோட்டப் பாடசாலையில் படிக்கும் ஓட்டக்காரி ஒருத்தியின் தகப்பன் நான். இதை ஏற்க முடியாது.

பயம் இல்லையென்று சொல்லவில்லை. ஓடுவதற்கு முன் வாய் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஓட ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். ஒலிம்பிக் வீரருக்கும் இப்படித்தான். தோற்றால் யார் யார் என்ன சொல்வார்கள் என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்போதுதான் கால் கட்டிக்கொள்கிறது. அந்த யோசனையைப் பிள்ளையின் தலையில் போடுவது யார்?

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை வெறுங்காலோடு, சரிவான மைதானத்தில், சேரின் விசிலுக்கு ஓடிப் பழகுகிறாள். ஸ்டார்ட்டிங் புளொக்கில் முதன்முதலாகக் கால் வைப்பதும், துப்பாக்கி வெடிப்பதை முதன்முதலாகக் கேட்பதும் வலயப் போட்டி நடக்கும் அன்றுதான். வெடிக்குமுன் அசைந்தால் மறுவாய்ப்பு இல்லை என்று காலையிலேயே எச்சரித்துவிடுகிறார்கள். உலகப் போட்டிகளில் 2010 முதல் உள்ள விதி அது. 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் 100 மீற்றர் இறுதியில் உசைன் போல்ட்டே அதில் அகப்பட்டு வெளியேறினார். அவருக்கு மனத்திடம் போதவில்லை என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது பெரும்பாலும் சிங்களத்தில். தன் சுற்று போய்விட்டதோ என்று எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு அறிவிப்புக்கும் திடுக்கிட்டு எழும்புகிறார்கள். ஒழுங்கான மலசலகூடம் இல்லாததால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதே இல்லை. பாதை தெரியாத பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இறங்குமிடம் தெரியாதா என்று பிள்ளையை ஏசுகிற கதைதான் இது.

ஓடி முடிந்ததும் நடப்பது இன்னும் மோசம். நாலாவதாக வந்த பிள்ளையை மூச்சு வாங்கவும் விடாமல், எல்லோர் முன்னிலையிலும் "மானத்தை வாங்கிவிட்டாயே" என்று ஏசுகிறார்கள். ஆசிரியர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை, பெற்றோர்தான் கூடுதலாகக் கத்துகிறோம். தோற்ற பிள்ளை அழுவதையும் போனில் பிடித்து முகநூலில் போடுகிறார்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளைக்குக் கோட்டில் நின்றதும் ஞாபகம் வருவது அந்த வீடியோதான்.

அடுத்த மாவட்டமான கண்டியின் வலல இரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்த தருஷி கருணாரத்ன 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரால் அரையிறுதிக்குப் போக முடியவில்லை. ஆசியாவின் தங்க மங்கைக்கே கால் ஓடாத நாள் உண்டென்றால், தரம் 8 பிள்ளைக்கு இருக்கக்கூடாதா?

தோல்வியைப் பிள்ளையின் தலையில் சுமத்தாமலும் வளர்க்கலாம். நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்றே விதிகள் இருக்கின்றன. 11 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு யார் முதல், யார் கடைசி என்ற பட்டியலே போடுவதில்லை. அப்படி வளர்ந்தவர்கள்தான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றார்கள்.

ஊக்க உரைக்குச் செலவழிக்கும் பணத்தில் புளொக் செட்டுகள் வாங்கி, போட்டிக்கு முந்திய வாரங்களில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுற்றுக்கு விடுங்கள். முதல்நாளே பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நடக்க விடுங்கள். தமிழிலும் அறிவியுங்கள். மூச்சை மெதுவாக விடுவது, தொடையை உதறுவது, தன் பாதையில் ஓரிடத்தைப் பார்ப்பது என்று ஒரே ஒழுங்கைப் பயிற்சியிலேயே பழக்கினால், போட்டியன்று உடம்பு அதைத் தானாகச் செய்யும். இதற்கு ஊரிலுள்ள உடற்கல்வி ஆசிரியர் போதும். பெற்றோரை வேலிக்கு வெளியே நிறுத்துங்கள், என்னையும் சேர்த்து. பாடசாலைகளில் இருக்கும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களை அன்றைக்காவது மைதானத்துக்கு அழைத்து, ஓடி முடித்த பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.

இவற்றில் எதை, எப்போது செய்யப் போகிறார்கள் என்பதை வலயக் கல்விப் பணிமனை அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையிலேயே எழுதித் தரவேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலைப் பெற்றோர் ஒருவர்,
ரத்தோட்டை, மாத்தளை.