நாற்காலியைப் பறிப்பவர்கள் பக்கம் நாமா?



அண்மையில் கூடங்குளத்திலிருந்து நெல்லைக்குச் செல்லும் வழியில், ஓர் ஊரில் லுஹர் தொழுகைக்காக இறங்கினோம். தொழுதுவிட்டு ஒரு சகோதரரின் கடையில் அமர்ந்திருந்தபோது, கடைக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறியது. "மூணு மாசமா இப்படித்தான் கிடக்கு ஹஜ்ரத், கேட்க நாதியில்லை" என்றார். "கிராம சபையில் போய்ச் சொன்னீர்களா?" என்று கேட்டோம். "அங்க நமக்கு என்ன வேலை ஹஜ்ரத்?" என்று திருப்பிக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் ஒரு படி மேலே போனார். "நம்ம ஓட்டு நிறைய இருக்கிற இடத்தைத்தான் பார்த்துப் பார்த்து அவங்களுக்கு ஒதுக்கிடுறாங்க. இப்ப அந்த ஆளுகிட்ட போயி நாம நிக்கணுமா?" என்றார். அந்த ஊரின் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இரண்டு பேச்சும் அந்த ஓர் ஊரின் பேச்சு மட்டுமல்ல. நமது மஹல்லாக்கள் பலவற்றில் காதில் விழுகிற பேச்சுதான். முதலாவது, உரிமையைக் கைகழுவுகிற பேச்சு. இரண்டாவது, நம்மைவிட அதிகமாக அடிபட்ட ஒரு சமூகத்தின் மீது கோபத்தைத் திருப்புகிற பேச்சு. இரண்டுமே நமக்குக் கேடு. எனவேதான் இந்தத் தலையங்கம்.

நாற்காலி வந்த வரலாறு

உள்ளாட்சியில் இடஒதுக்கீடு யாரோ ஒருவர் போட்ட பிச்சை அல்ல. அரசியல் சட்டத்தின் 73வது, 74வது திருத்தங்கள் 1993ல் நடைமுறைக்கு வந்தன. மக்கள் தொகை விகிதத்துக்கு ஏற்பத் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வார்டுகளிலும் தலைவர் பதவிகளிலும் இடம் ஒதுக்க வேண்டும், மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குத் தர வேண்டும் என்பது கட்டாயமானது. 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. 2016ல் பெண்களின் பங்கைத் தமிழக அரசு பாதியாக உயர்த்தியது.

சட்டம் வந்ததும் நாற்காலி கிடைத்துவிட்டதா? இல்லை சகோதரர்களே! மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில், ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த குற்றம் என்ன? ஒதுக்கப்பட்ட பதவிக்குப் போட்டியிட்டு வென்றதுதான்!

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டு காலம் தேர்தல் நடத்த முடியவில்லை. நடந்தாலும், வென்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்காருவதைவிட, நாற்காலி காலியாகக் கிடக்கட்டும் என்று நினைத்தார்கள். 2006ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

இதெல்லாம் மதுரைப் பக்கத்துக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நமது நெல்லை மாவட்டத்தில், தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த அருந்ததியர் சமூகத்துச் சகோதரி கிருஷ்ணவேணி, 2011 ஜூன் மாதம் வெட்டிச் சாய்க்கப்பட்டார். உயிர் பிழைத்ததே பெரும்பாடு. பெண்களுக்கான பொதுக் கழிப்பிடத்துக்கு இடம் கேட்டு நின்ற தலைவர் அவர். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம் அன்று என்ன செய்தோம்? எத்தனை ஜமாஅத் நிர்வாகிகள் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தோம்? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இப்போதெல்லாம் அரிவாள் எடுக்காமலே அவமானப்படுத்துகிறார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி பரவிய பிறகு, சில நாட்கள் கழித்து மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்த படம் நாடெங்கும் வெளியானது. தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022ல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் ஆன பிறகு இந்த நிலை!

நமது ஆதங்கம் நியாயமே, ஆனால்...

அந்த இளைஞரின் பேச்சில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிற தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்படுவதையும், அதனால் முஸ்லிம்கள் போட்டியிடும் வாய்ப்பு குறைவதையும் 2006ல் வந்த சச்சார் குழு அறிக்கையே எடுத்துக் காட்டியது. தமிழகத்தில் 2007ல் நமக்குக் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு கல்விக்கும் அரசு வேலைக்கும் உரியது. உள்ளாட்சி மன்றங்களுக்கு அது பொருந்தாது. ஆக, மன்றத்தில் நமக்கு உரிய இடம் இல்லை என்ற ஆதங்கம் பொய்யல்ல.

ஆனால் இந்த ஆதங்கத்தை யாரிடம் காட்டுவது? வார்டுகளைப் பிரிக்கிற இடத்தில் காட்ட வேண்டும். மறுவரையறை வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரப்படுகிறது. அந்த நாட்களில் நாம் எங்கே இருந்தோம்? எத்தனை ஜமாஅத்துகள் வரைபடத்தை வாங்கிப் பார்த்தன? நமது தெருவை இரண்டாக வெட்டி இரண்டு வார்டில் சேர்த்திருக்கிறார்களா என்று எத்தனை இளைஞர்கள் கணக்குப் பார்த்தார்கள்? அப்போது தூங்கிவிட்டு, தேர்தல் முடிந்த பிறகு நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து முகம் சுளிப்பது எந்த வகை நியாயம்?

இதையும் எண்ணிப் பாருங்கள். ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். இன்று அவருக்கு, நாளை வேறொருவருக்கு. ஆனால் 'பிறப்பால் தாழ்ந்தவன் எனக்குத் தலைவனா?' என்ற எண்ணம் ஒரு முறை ஊருக்குள் வேரூன்றிவிட்டால், அது அவரோடு நிற்காது. நாளை நமது பிள்ளை தலைவரானால், 'துலுக்கன் எனக்குத் தலைவனா?' என்று அதே வாய் கேட்கும். இன்று அவருக்கு வெட்டுகிற குழியில் நாளை நாமும்தான் விழ வேண்டியிருக்கும்.

மக்கா வெற்றியின் நாளில், கஅபாவின் மீது ஏறி நின்று பாங்கு சொல்லும் சிறப்பு யாருக்குக் கிடைத்தது? ஒரு காலத்தில் அடிமையாகச் சுடுமணலில் கிடத்தப்பட்ட பிலால் (ரலி) அவர்களுக்கு! குறைஷிக் குலத் தலைவர்கள் சிலர் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். அந்த வரலாற்றை மேடைதோறும் பேசுகிற நாம், நமது ஊர் மன்றத்தில் யாருடைய வரிசையில் நிற்கிறோம்? பிலாலின் வரிசையிலா? முகம் சுளித்தவர்களின் வரிசையிலா?

கடல் கடந்தும் இதே கேள்வி

அமெரிக்காவில் சியாட்டில் என்றொரு நகரம். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கும் வெள்ளையர் பகுதிகளுக்கும் நகராட்சி ஒரே கண்ணோட்டத்தில் செலவிடுகிறதா என்று அங்கே மக்கள் கேள்வி எழுப்பினார்கள். 2004ல் அந்த நகர நிர்வாகமே இன நீதிக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு திட்டம் தீட்டும்போதும் நிதி ஒதுக்கும்போதும், 'இதனால் யாருக்கு லாபம்? யார் தலையில் சுமை?' என்று அதிகாரிகள் கேட்டுப் பார்க்க வேண்டும். பாதிக்கப்படும் மக்களையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்று வழிமுறை வகுத்தார்கள். அதே நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டையும் சட்டப்படி தடை செய்தது. நம் நாட்டிலிருந்து சாதி அங்கேயும் கப்பலேறிப் போயிருக்கிறது என்பது நமக்கு வெட்கம். ஒரு நகராட்சி மன்றம் நினைத்தால் அதைத் தடுக்கச் சட்டம் போட முடியும் என்பது நமக்குப் பாடம்.

யாருக்கு லாபம், யாருக்குச் சுமை? கூடங்குளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். அணு உலைக்கு 1988ல் தில்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2013ல் முதல் உலையின் மின்சாரம் வெளியே போகத் தொடங்கியது. உலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் இடிந்தகரை மீனவ மக்கள் 2011 முதல் கடற்கரையில் உட்கார்ந்து கேட்டபோதுதான், பக்கத்தில் வாழ்பவர்களையும் கேட்க வேண்டும் என்பதே பலருக்கு நினைவு வந்தது. கேட்டதற்குப் பரிசாக ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. சுமக்கிறவனிடம் கடைசியாகக் கேட்பது இந்நாட்டின் வழக்கமாகிவிட்டது.

உங்கள் ஊரிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தெருவிளக்கு முதலில் எந்தத் தெருவுக்கு வருகிறது? குடிநீர்க் குழாய் எந்தக் காலனியின் வாசலில் நின்று போகிறது? குப்பைக் கிடங்கு யார் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது? மேலப்பாளையம் தனி நகராட்சியாக இருந்து, 1994ல் நெல்லை மாநகராட்சியோடு இணைந்தது. அங்கே பீடி சுற்றிப் பிழைக்கும் நமது தாய்மார்களின் தெருவுக்கும், அதே மாநகரின் ஓரத்தில் இருக்கும் தலித் குடியிருப்புக்கும் எத்தனை கோரிக்கைகள் பொதுவானவை என்று எழுதிப் பாருங்கள். ஓடை, குடிநீர், கழிப்பிடம், பள்ளிக்கூடம் என்று பட்டியல் ஒன்றாகத்தான் இருக்கும். கேட்பது மட்டும் ஏன் தனித்தனியாக?

முதலில் நம் கடை, நம் வாசல்

வியாபாரிகளே! உங்களிடம் கொஞ்சம் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் நீங்கள் கடை திறக்கும் முன்பே, உங்கள் வாசலைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவர் யார்? அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் தகப்பனார் வயதுள்ள அவரை 'ஏய்' என்றும் 'வாடா போடா' என்றும் உங்கள் மகன் கூப்பிடும்போது நீங்கள் கண்டித்தீர்களா? உங்கள் கடையில் அவருக்கு டீ கொடுக்கிற கிளாஸ் எல்லோருக்கும் கொடுக்கிற கிளாஸ்தானா?

1981ல் நமது மாவட்டமாக இருந்த தென்காசிப் பகுதியின் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. மரியாதையோடு நடத்தப்பட வேண்டும் என்பதுதான் அவர்களின் தாகம். நம்மிடம் வந்தவர்களுக்கு மட்டுமல்ல, வராதவர்களுக்கும் அந்த மரியாதை உரியது. ஒரு மனிதன் மதம் மாறினால்தான் அவனுக்கு நாற்காலி தருவோம் என்பது நியாயமாகாது.

செய்ய வேண்டியவை

ஒன்று: கிராம சபைக்குப் போங்கள். குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என ஆண்டுக்கு ஆறு நாட்களை அரசு குறித்துள்ளது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. கடையை இரண்டு மணி நேரம் மகனிடம் விட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள்.

இரண்டு: ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்ற தலைவரோ கவுன்சிலரோ அவமானப்படுத்தப்பட்டால், ஜமாஅத்தின் சார்பில் ஐந்து பேராவது போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். தாழ்த்தப்பட்டவர் ஒருவர் மன்ற உறுப்பினராக, தலைவராகப் பணியாற்றுவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். 2015ல் செய்த திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. புகார் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். சாட்சி சொல்ல அழைத்தால் பின்வாங்காதீர்கள்.

மூன்று: நமக்கு உரிய இடத்தையும் கேட்போம். உரிய நேரத்தில், உரிய இடத்தில், கணக்கோடு கேட்போம். இன்னொருவரின் பங்கில் கை வைத்துக் கேட்க மாட்டோம்.

நான்கு: பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் நம் வீட்டுப் பெண் வென்றால், அவர் பெயரில் நீங்கள் ஆட்சி செய்யாதீர்கள். கையெழுத்து அவருடையது என்றால் முடிவும் அவருடையதாக இருக்கட்டும். தலித் தலைவரின் நாற்காலியைப் பறிப்பவனுக்கும், மனைவியின் நாற்காலியில் உட்காருகிற கணவனுக்கும் என்ன வேறுபாடு?

2016 அக்டோபருக்குப் பிறகு தமிழகத்தில் ஆண்டுக்கணக்கில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. நெல்லை மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதிகாரிகள் ஆண்ட அந்த ஐந்தாண்டில் ஊரில் பெரிய கை உள்ளவனின் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. வாயற்றவனின் மனுதான் கிடப்பில் கிடந்தது. 2022ல் சென்னை மாநகராட்சியின் மேயர் நாற்காலியில் முதன்முறையாக ஒரு தலித் பெண்மணி, பிரியா அமர்ந்தார். அந்த நாற்காலி வரை வருவதற்கு மேலவளவிலும் தாழையூத்திலும் சிந்திய ரத்தம் கொஞ்சமல்ல.

சகோதரர்களே! அந்தக் கடைக்காரருக்கு நாம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். சாக்கடையைப் பற்றிப் பேசுங்கள். பேசும் முன், மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர் தரையில் இருந்தால், நீங்கள் எழுந்து உங்கள் நாற்காலியை அவருக்குக் கொடுங்கள். சாக்கடையை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.