மணக்கடவில் அளக்கிறோம், மடையில் அளக்கவில்லையே!

திருமூர்த்தி அணையில் தண்ணீர் திறந்த செய்தி காங்கேயம், வெள்ளகோவில் விவசாயிகளுக்குப் பேப்பரில் உடனே வந்துவிடும். தண்ணீர்தான் வராது. வந்தாலும், மடைக்கு ஏறாத அளவில் கால்வாயின் அடியைத் தொட்டுக்கொண்டு போகும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டக் (பி.ஏ.பி.) கால்வாயின் கடைமடைக்காரர்கள் இவர்கள். மனு, மறியல், உண்ணாவிரதம் என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள்.

இந்தத் திட்டத்தில் திருமூர்த்தி அணையை நம்பியிருப்பது சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுக்க வழியில்லாததால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். ஒரு நிலத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர். மக்காச்சோளம், நிலக்கடலை போட்டவர் அந்த முறைக்கு விதைத்துக்கொள்ளலாம். பொள்ளாச்சி, உடுமலைத் தென்னை என்ன செய்யும்? முறை வராத வருடத்திலும் மரம் தண்ணீர் கேட்கும். அதனால்தான் கால்வாயை ஒட்டிக் கிணறு, அதில் மோட்டார், அங்கிருந்து தோட்டத்துக்குக் குழாய். இப்படி எடுத்த தண்ணீர் லாரியில் விற்பனைக்கும் போகிறது என்ற புகாரும் உண்டு.

தென்னைக்காரர்களைத் திருடர்கள் என்று திட்டிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளை ஈயும் வாடல் நோயும் ஏற்கெனவே அவர்களை வாட்டுகின்றன. வளர்ந்த மரத்தைக் காயவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த மரத்தைக் காப்பாற்றும் தண்ணீர், கீழே ஒருவருடைய சோளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு திறப்புக்கும் நீர்வளத் துறை, வருவாய்த் துறை, மின்வாரியம், போலீஸ் சேர்ந்த கண்காணிப்புக் குழு போடுகிறார்கள். குழு வரும் நாளில் மோட்டார் ஓய்வெடுக்கும்; ஜீப் திரும்பியதும் வேலைக்கு வந்துவிடும். கால்வாய் நெடுக இரவு பகலாக நிற்க எந்தத் துறையிலும் ஆளில்லை. நிற்கக்கூடியவர்கள் விவசாயிகள் மட்டுமே.

அதற்குச் சட்டமும் இருக்கிறது. விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000. பாசன சபை, பகிர்மானக் குழு, திட்டக்குழு என்று மூன்று அடுக்கு. எல்லாம் தேர்தலில் வருபவை. பல வருடங்கள் தேர்தலே இல்லாமல் கிடந்தவைதான். இப்போது தலைவர்கள் இருந்தும், திறப்புத் தேதியையும் எத்தனை சுற்று என்பதையும் பேசி முடிப்பதோடு கூட்டு வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் அவரவர் சபை, அவரவர் ஷட்டர். மேல்மடைச் சபையும் கடைமடைச் சபையும் ஒரே ஷட்டர் முன்னால் சேர்ந்து நிற்பதைப் பார்ப்பது அபூர்வம்.

இதே திட்டத்தில், 1970 ஒப்பந்தப்படி கேரளத்துக்கு எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும். இரு மாநிலப் பொறியாளர்களும் அமர்ந்த கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் அதற்குக் கணக்குப் பார்க்கிறது. சண்டை வந்தாலும் இரு தரப்பின் கையிலும் எண் இருக்கிறது. ஒரே கால்வாயில் இருக்கும் இரண்டு சபைகளுக்கு அந்த எண் கிடையாது. மேலே இருப்பவர் விட்டோம் என்பார், கீழே இருப்பவர் வரவில்லை என்பார்.

கோரிக்கை பெரிதில்லை. கிளைக்கால்வாய் பிரியும் ஒவ்வொரு இடத்திலும், சபை எல்லைகளிலும் அளவுகோல் பலகை வேண்டும். காலையும் மாலையும் மேல் சபை ஆள் ஒருவர், கீழ் சபை ஆள் ஒருவர், கால்வாயைக் கவனிக்கும் லஸ்கர் ஆகிய மூவரும் சேர்ந்து பார்த்து, அங்கேயே எழுதிப் போட வேண்டும். கசிவில் எவ்வளவு போகிறது என்பதைப் பொறியாளர்கள் முன்கூட்டியே பகுதிவாரியாக அளந்து சொல்லட்டும். அதற்கு மேல் குறைந்தால் அந்தப் பகுதிச் சபைதான் பதில் சொல்ல வேண்டும். குறைந்த அளவை அடுத்த சுற்றில் அதன் பங்கில் கழிக்க வேண்டும். தென்னைக்காரர்களுக்குத் தங்கள் முறையில் வரும் தண்ணீரைத் தேக்கப் பண்ணைக்குட்டையும் சொட்டுநீரும் மானியத்தில் முன்னுரிமையோடு கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் மோட்டாரை மட்டும் பிடுங்கினால், அடுத்த வாரமே இன்னொரு மோட்டார் வரும்.

இதைத் திட்டக்குழு தீர்மானமாகப் போட்டு, கோவை, திருப்பூர் கலெக்டர்கள் இருவரும் ஒரே உத்தரவாக வெளியிட வேண்டும். முதலில் வெள்ளகோவில் கிளைக்கால்வாயில் ஒரு சுற்றுக்கு நடத்திப் பார்க்கலாம். ஆள் அனுப்ப மறுக்கும் சபையின் பெயரையும் அதே பலகையில் எழுதிவிடலாம்.