கேள்வியில் இல்லாத நெருப்பு

2020 மார்ச்சில் இலங்கையில் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது சைவநெறிப் பாடமும் போனுக்குள் வந்தது. கொரோனா போய்விட்டது, கூகுள் படிவ வினாத்தாள் போகவில்லை. சமயம் இங்கே சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டாயப் பாடம்.

என் தங்கையின் மகள் தரம் 10. வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். நாயன்மார் பற்றிய வினாத்தாளில் பத்துக்குப் பத்து எடுத்துவிட்டு ஓடிவந்து காட்டினாள். திருநாளைப்போவார் பிறந்த ஊர்? ஆதனூர். முத்தியடைந்த தலம்? தில்லை. எல்லாவற்றுக்கும் பச்சைச் சரி. ‘பிள்ளை, அந்த மனுசன் ஏன் நெருப்புக்குள்ள இறங்கினவர்?’ எண்டு கேட்டேன்.

‘அது கேள்வியில இல்லை மாமா.’

புலைப்பாடியில் பிறந்தவர் நெருப்பில் இறங்கி, பூணூலும் சடையுமாக வெளியே வந்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது. சேக்கிழார் இதை மறைக்கவில்லை. புலையராகவே ஏன் உள்ளே விடவில்லை? நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்கிற படிவத்துக்கு இந்தக் கேள்வி தேவைப்படாது.

பழியை முழுக்கப் போன் மேல் போட நான் தயாரில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் சைவத்தை வினாவிடையாக்கி அச்சேற்றினார். கேள்வியும் அவரே, விடையும் அவரே. அன்றைக்கு அச்சுயந்திரம், இன்றைக்குப் போன். நான் படித்த காலத்தில் இதையே கேட்டபோது ‘வாயை மூடு’ எண்டுதான் சொன்னார்கள். ஆனாலும் கேள்வி நாற்பது பிள்ளைகளின் காதில் விழுந்தது. படிவத்தில் அதற்கும் வழியில்லை.

‘நவீன கற்பித்தல்’ எண்டு பெருமை பேசுகிறவர்களே, 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எங்கட சனம் நின்றபோது முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் ஆள் சேர்த்து வழிமறித்தார். இது சைவநெறிப் பாடத்தில் சேராதா? அன்றைக்கு இருபது வயதில் அங்கே நின்றவர்களுக்கு இன்றைக்கு எண்பது நெருங்குகிறது. குரலைப் பதிய அதே போன் போதும். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். ‘வாசலில என்ன நடந்தது ஆச்சி?’ எண்டு கேட்டுப் பதிந்து வந்து வகுப்பில் போட்டுக் காட்டட்டும். வகுப்பு ரெண்டுபடும் எண்டு பயமா? ஊர் எப்போது ஒன்றாக இருந்தது?

மருமகள் தொடங்கிவிட்டாள். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஆச்சியின் குரல், பதினேழு நிமிடம். வகுப்பு வட்சப் குழுவில் போட்டாள். ஆசிரியர் அதை அழித்துவிட்டு அடுத்த வினாத்தாளை அனுப்பியிருக்கிறார்.