பெரிய கார் வைத்திருந்தால் பணக்காரரா? சாலை வரி காட்டும் கணக்கு

சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத்துத் தாமான்களில், தொழிற்சாலை வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகு வாசல்களைப் பார்த்தால் ஒரு காட்சி தென்படும். பெசா, மைவி, சாகா என்று நிற்கும் வரிசைக்கு நடுவே, கேட்டை மூட முடியாமல் வால் பகுதி சாலைக்கு நீட்டிக்கொண்டு ஒரு பழைய கேம்ரியோ அக்கார்டோ பெர்டானாவோ நிற்கும். குறைந்த விலை வீட்டின் முன்வாசல் அந்தக் காரை நினைத்துக் கட்டப்பட்டதல்ல. 2006 வாக்கில் வந்த கேம்ரியின் நீளம் ஏறக்குறைய 4.8 மீட்டர். பெசாவின் நீளம் 4.15 மீட்டர்தான்.

அந்தக் காரைப் பார்க்கும் அக்கம்பக்கத்தார் "இவங்களுக்கு என்ன குறைச்சல்" என்பார்கள். நம் சமூகத்தில் பெரிய கார் இன்னும் ஓர் அந்தஸ்துச் சான்றிதழ். ஆனால் அந்தக் காரின் உரிமையாளர் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளத்துக்குச் சற்று மேலே வாங்கும் தொழிற்சாலை ஊழியராகவும் இருக்கலாம். காரின் அளவுக்கும் வீட்டின் வருமானத்துக்கும் இருந்த தொடர்பு எப்போதோ அறுந்துவிட்டது. அரசாங்கத்தின் வரிக் கணக்குக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

தோட்டத்துக் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கார் என்றால் அது துரையுடையது. கிராணி ஒரு சின்னக் கார் வைத்திருப்பார். மற்றவர்களுக்குச் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். பெரிய காரின் மெத்தை இருக்கையில் தோட்டத்து மக்கள் முதன்முதலில் உட்கார்ந்தது பெரும்பாலும் வாடகை டாக்சியில்தான். டீசலில் ஓடிய பழைய மெர்சிடிஸ் டாக்சிகளை இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரசவம், சாவு, கல்யாணம், பினாங்குப் பெரியாஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்று வந்தால் நாலு பேர் பணம் சேர்த்து டாக்சி பிடிப்பார்கள். குலுங்காமல் போகும் அந்தப் பயணம் நினைவில் பதிந்துவிட்டது. பின்னாளில் தோட்டம் துண்டாடப்பட்டு, பீடோங், பாடாங் செராய், குரூண் பக்கத்து லயங்களை விட்டுத் தாமானுக்கு வந்தவர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் "அம்மா அப்பாவை ஒரு நல்ல காரில் ஏற்றிப் பார்க்கணும்" என்று ஆசைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆசைக்கு ஒரு தேசிய அடையாளமும் கிடைத்தது. புரோட்டோன் நிறுவனம் 1995இல் பெர்டானாவைக் கொண்டுவந்தது. பின்னர் வி6 இயந்திரத்தோடு வந்த பெர்டானா அமைச்சர்களின் காராகவே அறியப்பட்டது. ஆனால் அதை வைத்துக் கட்டிக்காப்பது எளிதாக இல்லை. 2008இல் திரெங்கானு மாநில அரசு 14 மெர்சிடிஸ் இ200 கார்களை வாங்கி நாடு முழுக்கச் சர்ச்சையானபோது, பெர்டானா வி6 காரின் பராமரிப்புச் செலவு அதிகம் என்பதையே காரணமாகச் சொன்னது. ஒரு மாநில அரசே தாங்க முடியவில்லை என்று சொன்ன கார்கள், விலை இறங்கி இறங்கி, கடைசியில் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தன.

பெரிய செடான் வேகமாக விலை இறங்குவதற்குக் காரணம் எளிது. புதிதாக வாங்கும் வசதி உள்ளவர்கள் இப்போது எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள். பழையதை வாங்கக்கூடியவர்கள் எண்ணெய்ச் செலவுக்கும் சாலை வரிக்கும் பயப்படுகிறார்கள். வாங்க ஆள் குறைந்தால் விலை விழும். ஒரு காலத்தில் மேலாளர்கள் ஓட்டிய கேம்ரி, பதினைந்து ஆண்டு கழித்துப் புதிய பெசாவின் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். புதிய பெசாவுக்கு 45,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி, 9 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 12,150 ரிங்கிட். மாதத் தவணை ஏறக்குறைய 529. பழைய 2.4 லிட்டர் கேம்ரிக்கு 25,000 ரிங்கிட் கடன் என்று வைத்துக்கொள்வோம். பழைய காருக்கு நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் கிடைப்பது அரிது. எனவே 4.5 விழுக்காடு, 5 ஆண்டு. மாதத் தவணை 510. அதாவது பாதி விலைக் கார், கிட்டத்தட்ட அதே தவணை. "ஒரே காசுதானே, பெரிய காராகவே எடுப்போம்" என்று பல குடும்பங்கள் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். செலவின் மறுபாதி அதற்குப் பிறகுதான் தெரிய வரும்.

முதலில் எண்ணெய். தினமும் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போய்வர 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடும் பெரிய காருக்கு 222 லிட்டர் வேண்டும். 16 ஓடும் சிறிய காருக்கு 125 லிட்டர் போதும். லிட்டர் 1.99 ரிங்கிட் என்றால் முன்னதற்கு 442 ரிங்கிட், பின்னதற்கு 249. வித்தியாசம் மாதம் 193 ரிங்கிட். ஒரு வீட்டின் மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் அதில் அடங்கிவிடும்.

இந்த 1.99 என்ற விலை பூடி95 திட்டத்தில் வந்தது. 2025 செப்டம்பர் 30 முதல், ஓட்டுநர் உரிமம் உள்ள எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட் மூலம் மாதம் 300 லிட்டர் வரை ரோன்95 அந்த விலையில் கிடைக்கும் என்று திட்டம் தொடங்கியது. மானியம் இல்லாத விலை அப்போது 2.60. முன்னதாக, மானியம் வசதி படைத்த 15 விழுக்காட்டினருக்குப் போகக்கூடாது என்ற பேச்சு பலமாக இருந்தது. அப்படிப் பிரித்திருந்தால் எதை வைத்துப் பிரித்திருப்பார்கள் என்ற அச்சம் பழைய பெரிய கார் வைத்திருந்தவர்களுக்கு இருந்தது. கடைசியில் காரின் அளவைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒதுக்கீடு காருக்கு அல்ல, மைகாட்டுக்கு. வீட்டில் உரிமம் உள்ளவர் மூவர் இருந்தால் மூவருக்கும் தனித்தனியாக உண்டு. இந்த ஒரு விஷயத்தில் பெரிய காரை வைத்து யாரையும் பணக்காரர் என்று முத்திரை குத்தவில்லை.

சாலை வரி அப்படியல்ல. தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் காருக்கான வரி இயந்திரத்தின் சிசியை மட்டுமே பார்க்கிறது. 1,400க்கு மேல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட். அதைத் தாண்டினால் 200 ரிங்கிட்டில் தொடங்கி, ஒவ்வொரு சிசிக்கும் 40 சென் ஏறும். 1,800க்கு மேல் 280 ரிங்கிட்டோடு சிசிக்கு 50 சென். 2,000க்கு மேல் 380 ரிங்கிட்டோடு சிசிக்கு ஒரு ரிங்கிட். இதன்படி 1,998 சிசி கேம்ரிக்கு 379 ரிங்கிட். 2,362 சிசி கொண்ட 2.4 கேம்ரிக்கு 742 ரிங்கிட்.

அதே நேரத்தில், புதிதாக வாங்கும்போது 80,000 ரிங்கிட்டைத் தாண்டும் புரோட்டோன் எக்ஸ்50க்கு இயந்திரம் 1.5 லிட்டர் டர்போ. வரி 120 ரிங்கிட். இன்னும் வேடிக்கை கூலிம் பக்கம் இருக்கிறது. பாடாங் மெஹா என்றால் பழைய தலைமுறைக்கு ரப்பர்த் தோட்டம் நினைவுக்கு வரும். இன்று அங்கே உள்ள இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூ கார்கள் பூட்டப்படுகின்றன. அங்கிருந்து வெளிவரும் 1,998 சிசி பெட்ரோல் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் காருக்கும் ஆண்டு வரி 379 ரிங்கிட்தான். அதே சிசி உள்ள பதினைந்து வயதுக் கேம்ரிக்கும் 379தான். 2.4 வைத்திருக்கும் பாக்கார் ஆராங் தொழிலாளி அந்த பிஎம்டபிள்யூ முதலாளியைவிட ஏறக்குறைய இரு மடங்கு வரி கட்டுகிறார்.

பெரிய இயந்திரம் உள்ளவரிடம் பெரிய பணம் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுந்த கணக்கு இது. டர்போ வந்த பிறகு சின்ன இயந்திரமே பெரிய காரை இழுக்கிறது. மின்சாரக் கார்களுக்கு இயந்திரமே இல்லாததால் 2026 முதல் கிலோவாட் அடிப்படையில் வேறு கணக்கு வகுத்தார்கள். பெட்ரோல் கார்களுக்கு மட்டும் பழைய கணக்கே தொடர்கிறது. காரின் வயதும் இன்றைய மதிப்பும் அதில் எங்குமே வருவதில்லை. இந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்க, பழைய பெரிய கார் வைத்திருப்பவர்களுக்கென்று சங்கமும் இல்லை, குரலும் இல்லை.

காப்புறுதியும் இயந்திர அளவைக் கணக்கில் கொள்கிறது. ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காமல் இருந்தால் கிடைக்கும் 55 விழுக்காட்டுக் கழிவு கைகொடுக்கும். ஆனால் கார் பதினைந்து வயதைத் தாண்டினால் முழுக் காப்புறுதி தர நிறுவனங்கள் தயங்குவதுண்டு. பிறகு பட்டறை. கியர்பெட்டி, ஏர்கோன், அடிப்பகுதி ரப்பர்கள். அசல் உதிரிபாகம் வாங்க முடியாதவர்கள் ஹாப்கட் கடைகளில் தேடுகிறார்கள்.

இந்தச் செலவெல்லாம் சேர்ந்து அழுத்தும்போதுதான் இன்னொரு ஆபத்து வருகிறது. "மாதத் தவணையை மட்டும் நீங்கள் கட்டுங்கள், காரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கார் கைமாறும் 'சம்போங் பாயார்' முறை. முன்பணம் குறைவு, கார் பெரியது, எனவே ஆசை பெரியது. ஆனால் கார் வங்கியில் முதல் ஆளின் பெயரில்தான் இருக்கும். சம்மன் அவர் பெயருக்குப் போகும். விபத்து நடந்தால் காப்புறுதியில் சிக்கல் வரும். வங்கிக்குத் தெரியாமல் காரைக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றமும் ஆகும். முறைப்படி கடன் எடுத்தவருக்கு அதே சட்டத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்கூட 21 நாள் எழுத்துபூர்வ முன்னறிவிப்பு இல்லாமல் காரை இழுக்க முடியாது. 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு தேவை. கைமாற்றி ஓட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கார் காணாமல் போகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், பதில் பின்னிருக்கையில் இருக்கிறது. சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் அம்மாவுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ கோலாலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கோ ஐந்து மணி நேரம் நெடுஞ்சாலையில் போகும்போது முதுகு வலிக்கக் கூடாது. சீர்த்தட்டும் அரிசி மூட்டையும் பொங்கல் பானையும் ஒரே நேரத்தில் பின்பெட்டியில் ஏற வேண்டும். சுங்கைப்பட்டாணிக்கு மின்ரயில் வருகிறது, உண்மைதான். நிலையத்திலிருந்து தாமான் வாசல் வரை எதில் போவது என்பதுதான் கேள்வி.

ஆனால் இதிலும் ஒரு முரண் உண்டு. தாழ்ந்த செடான் இருக்கையில் இறங்கி ஏறுவது முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். பின்னிருக்கையில் வாரணி கட்டுவது 2009 முதல் கட்டாயம். குழந்தைகளுக்கான இருக்கை 2020 முதல் கட்டாயம். ஒரு சாகாவில் எட்டுப் பேர் நெருக்கிப்போன காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. எவ்வளவு அகலமான செடானாக இருந்தாலும் ஐந்து பேர்தான். தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு. ஏழு இருக்கை அல்சாவுக்குச் சாலை வரி 120 ரிங்கிட். குடும்பக் கார் என்ற பெயரைச் செடான் இழந்துகொண்டிருப்பது எண்ணெய் விலையால் மட்டுமல்ல.

2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை ஒப்படைத்துத் தேசியக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி என்று அறிவிக்கப்பட்டது. முதல் தலைமுறை பெர்டானாக்களில் பெரும்பாலானவை இப்போது அந்த வயதில் இருக்கின்றன. மேலே சொன்ன பெசா கணக்கில் அந்த 4,000ஐக் கழித்தால் கடன் 41,000. மாதத் தவணை 482 ரிங்கிட், 108 மாதத்துக்கு. கடன் தீர்ந்து வாசலில் நிற்கும் பெர்டானாவுக்கு இப்போது மாதத் தவணை எதுவும் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய 380 ரிங்கிட் சாலை வரி மட்டும் இருக்கிறது.